பார்சலில் திரும்பி வந்த சிரிப்பு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் அங்கே சுகமாக இருப்பாய், இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்து முடித்தபின் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பிக்க விடமாட்டேன். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ஃபோனில் பிடித்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும், கடிதத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. வேளைக்குச் சாப்பிடு, விளக்கை அணைத்துவிட்டு ஃபோனைப் பார்க்காதே, இதெல்லாம் சொன்னால் நீ கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் சொல்லி வைக்கிறேன்.

நம் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்துபோகிறவர்களைப் பற்றி நான் எழுதிய நகைச்சுவைப் புத்தகத்துக்கு நூலகத்தில் வாசகர் கருத்துக் கூட்டம் வைத்தார்கள் என்று சொன்னேன் அல்லவா, அங்கே நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை, அப்போது எனக்கு வாய் வரவில்லை. பதிப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், வாசகர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் இரண்டாவது புத்தகம் போடுவதா வேண்டாமா என்று பார்ப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஒவ்வொருவராக எழுந்து அருமை, பிரமாதம், வயிறு புண்ணாகிவிட்டது என்றார்கள், நானும் தரையில் கால் பாவாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுந்தவர் வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சட்டைக் காலர் முதல் முகம் வரை கஞ்சி போட்ட மாதிரி இருப்பார், ஊரே முதுகுக்குப் பின்னால் விறைப்பு சார் என்றுதான் சொல்லும். முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சேன், ஒரு இடத்துலகூட எனக்குச் சிரிப்பு வரல என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அருமை என்று சொன்னவர்களெல்லாம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். பதிப்பாளர் பேனாவை மூடிப் பையில் செருகினார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது, ஃபோனை எடுத்து நீ அனுப்பியிருந்த செய்தியை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தேன். புத்தகத்தை ஒரே மூச்சுல முடிச்சேம்மா, நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டிட்டார் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத்தான். கைதட்டினார்கள். விறைப்பு சார் மட்டும் தட்டவில்லை.

அன்றே முடிவு செய்தேன், இந்த மனுஷரை என் கையாலேயே சிரிக்க வைத்து, அதைச் சாட்சியோடு ஊருக்குக் காட்டாவிட்டால் நான் பேனாவையே தொடுவதில்லை என்று. அப்பா விட்டுத் தொலையேன் என்றார், விட்டுத் தொலைக்கிற ஜாதியா நான். விறைப்பு சாருக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி மாற்றுகிற நேரம் நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும், நம் கடையை விட்டால் அவர் வேறு எங்கும் போகிறவரில்லை. கிட்டப் பார்வை பார்க்கப் படிக்கக் கொடுப்போமே ஓர் அட்டை, பத்திக்குப் பத்தி எழுத்து சின்னதாகிக்கொண்டே போகுமே, அதே அளவுகளில் என் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை அச்சடித்து வைத்துக்கொண்டேன். அவர் வருகிற அன்றைக்கே நூலகர் அம்மாவையும் கண்ணாடி வாங்கிப்போக வரச்சொல்லி உட்கார வைத்தேன், அவர் கண்ணால் பார்த்தால் பதிப்பாளர் காதுக்குப் போய்விடும்.

சோதனைக்கு மாட்டுகிற அந்தக் கனத்த வட்டச் சட்டத்தை அவர் மூக்கில் ஏற்றி, படிங்க சார் என்றேன். அட்டையைப் பார்த்ததும் என்னை ஒரு முறை முறைத்தார், ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபின் படிக்காமல் போனால் கண் தெரியவில்லை என்றல்லவா ஆகும், படித்தார். புதுக் கண்ணாடி வாங்கிப்போன ஒருவர் மறுநாளே திரும்பி வந்து, இதைப் போட்டதுலேருந்து வீட்டுல இருக்கிற ஒட்டடை எல்லாம் தெரியுதும்மா, தெரியுதுன்னு என் பெண்டாட்டிக்கும் தெரிஞ்சுபோச்சு, தயவுசெய்து பழைய பவரையே குடுத்துடுங்க என்று கெஞ்சுகிற இடம். முதலில் இரங்கல் செய்தி வாசிப்பது போல வாசித்தார். வில்லையை மாற்றி மறுபடியும் என்றேன். உதட்டோரம் ஏதோ அசைந்தது. இன்னொரு வில்லை போட்டு, இப்ப தெளிவா இருக்கா, இன்னொரு தரம் படிங்க என்றேன். ஒட்டடையில் வந்ததும் மூக்கின் மேல் சட்டம் குதிக்க ஆரம்பித்தது, முகத்தை என்ன இறுக்கினாலும் தோள் குலுங்கியது, அப்புறம் வெடித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வர, சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். நூலகர் அம்மா எழுந்து நின்று பார்த்தார். மகனே, உன்னைப் பெற்றபோதுகூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தபால்காரர் உள்ளே வந்து கவுண்டரில் ஒரு பார்சலை வைத்துவிட்டுப் போனார். சரியாகப் பொருந்திய வில்லை மூக்கின் மேலேயே இருந்ததால் விறைப்பு சார் பக்கத்தில் கிடந்த அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டார். பெறுபவர் வந்து வாங்கிக்கொள்ளவில்லை, அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது. மேலே என் கையெழுத்தில் உன் பெயர், ஓரத்தில் புத்தகம் என்ற குறிப்பு. உனக்கு அனுப்பிய புத்தகம், கட்டின நூல்கூட அவிழவில்லை. நான் ஊர் முன்னால் உன் சிரிப்பைப் படித்துக் காட்டினவள். அவர் அப்போது ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லித் தாங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை. நூலகர் அம்மா கண்ணில் படாதபடி பார்சலைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, அன்னிக்குப் பாராட்டினவங்க பாதிப் பேரு இப்படித்தாம்மா, விடுங்க என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பாதிப் பேரில் உன்னையும் சேர்த்துவிட்டார். என் வாழ்நாளில் இத்தனை பெரிய அவமானத்தை இத்தனை மரியாதையாக எனக்கு யாரும் செய்ததில்லை.

பதிப்பாளர் இரண்டாவது புத்தகம் போடச் சம்மதித்துவிட்டார், அதற்கு உனக்கு நன்றி சொல்லவேண்டிய அவசியமில்லை. உனக்கு ஒரு பிரதியும் வராது, கடையில் காசு கொடுத்து வாங்கு, படி, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுது. திரும்பி வந்த பிரதியைப் பத்திரமாக வைத்திருப்பாள் அம்மா என்று எண்ணாதே. அதன் முதல் பக்கத்தில் உனக்காக, என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தவனுக்கு என்று எழுதியிருந்தேன். அதை ஒரு கோடு போட்டு அடித்து, கடைசிப் பக்கம் வரை படித்தவருக்கு என்று கீழே எழுதி, கண்ணாடி வாங்க வந்தபோது விறைப்பு சாரிடம் கொடுத்துவிட்டேன்.

நீ எல்லா நலமும் பெற்று நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அப்பா உன்னை மன்னித்துவிட்டாராம், கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

இப்படிக்கு,
இன்னும் மன்னிக்காத
உன் அம்மா