மீட்டர் எண்ணாத பத்தாவது மைல்

பாசமுள்ள மாப்பிள்ளை சிவனாண்டிக்கு,

நலமா என்று கேட்டு எழுதிப் பழகிய கை. உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் ஓட்டிய பிக்கப், போன வாரம் ஹட்டனில் என் கராஜுக்கு வந்தது.

அந்தப் பெரிய டயர்கள் இன்னும் ஓடுகின்றன. கொழுந்து மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போது பிக்கப்பின் அடிவயிறு கல்லில் இடிக்கிறது என்று, தோட்டத்து மேனேஜர் துரையிடம் நச்சரித்து நீங்கள்தான் அவற்றை வாங்கவைத்தீர்கள். மாட்டியவன் நான். மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் டிரெய்லர் கொக்கியைக் கொஞ்சம் இறக்கினேன். பிரேக் முன்னைப் போல் பிடிக்காது, கீழ் கியரிலேயே இறங்குங்கள் என்று எச்சரித்தேன். நீங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தீர்கள். டிரெய்லர் மட்டும் என்ன பாவம் செய்தது என்று கேலி செய்தேன். உடனே கடைக்குப் போய் இன்னும் இரண்டு பழம் வாங்கிவந்தீர்கள்.

சில மாதத்தில் ஆபீசில் பெட்ரோல் பேச்சு கிளம்பியது. மீட்டர் காட்டும் மைலை ஆபீஸ் குமாஸ்தாவான கிளாக்கர் கணக்குப் புத்தகத்தில் எழுதுவார். அந்த மைலுக்கு இவ்வளவு பெட்ரோல் என்று ஓர் அளவு உண்டு. உங்களுக்கு அது போதவில்லை. வெளியில் விற்கிறீர்கள் என்றார்கள். துரை என்னைக் கூப்பிட்டு, பெரிய டயர் போட்டால் பெட்ரோல் கூடக் குடிக்குமா என்று கேட்டார்.

"கொஞ்சம் குடிக்குங்க தொரை. இவ்வளவு குடிக்காதுங்க" என்றேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். தங்கை புருஷன் என்பதற்காக ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்தில், எல்லோர் முன்னாலும் உங்களைத் திருடன் என்று சொல்லி, மழைநீர் ஓடும் கான் வெட்டப் போட்டார்கள். இரண்டு மழைக்காலம் வெட்டினீர்கள். பிறகு நெஞ்சுச்சளி முற்றிப் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த மழைதான் காரணமா? டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது பிக்கப்பை ஓட்டுபவர் ராமையா. பயந்த சுபாவம். போன வாரம் வந்தவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"என்னையும் கள்ளன்னு சொல்லப் போறாங்கண்ணே. எம்புள்ளைங்க மேல சத்தியமா ஒரு சொட்டு எடுக்கல."

ஒருவர் திருடலாம். அடுத்து வந்தவரும் அதே அளவு திருடுவாரா? எனக்குப் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. ராமையாவோடு பெரிய ரோட்டில் போய் மைல்கற்களை எண்ணினேன். பத்து மைல் போயிருந்தோம். மீட்டர் ஒன்பது என்றது.

சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்குச் சுற்றைத்தான் எண்ணத் தெரியும். தோட்டத்துப் பாதையில் மைல்கல் கிடையாது, ஆகவே யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் ஓடிய பத்தாவது மைல் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அதற்குச் செலவான பெட்ரோல் மட்டும் ஏறியது. மிச்சத்தை, பெரிய சக்கரத்தோடு டிரெய்லரை இழுத்து மேட்டில் திணறியே வண்டி குடித்திருக்கிறது. மட்கார்டையும் கொக்கியையும் பிரேக்கையும் பார்த்த நான் மீட்டரைப் பார்க்கவில்லை.

கிளாக்கரையும் ஏற்றிப்போய்க் காட்டினேன். மோசமான மனிதர் இல்லை; ராமையாவின் கணக்கைத் திருத்திவிடுவதாகச் சொன்னார். உங்கள் பெயரை எடுத்தேன். செத்துப்போனவரைப் பற்றி இப்போது எதற்கு என்று கேட்டார்.

அங்கிருந்து தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போய்த் தங்கை லெட்சுமியிடம் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையின் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அவரு ஒங்கள ஒரு வார்த்த கொற சொன்னதில்லண்ணே. மச்சானுக்கு டயரப் பத்தித் தெரியும், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. பெட்ரோல் டாங்கி எங்கயோ ஒழுகியிருக்கு, நான்தான் பாக்காம விட்டுட்டேன்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

நாளைக் காலை பெரட்டுக்களத்துக்கு வருகிறேன். துரையிடம் அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கிடைக்காது. உங்களைத் திருடன் என்று சொன்ன அதே இடத்தில் நின்று, நீங்கள் எடுக்கவில்லை, பார்க்காமல் விட்டவன் நான்தான் என்று சொல்வேன். விரட்டினால் மறுநாளும் வருவேன். லெட்சுமி முன்னால் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். டாங்கி ஒழுகவில்லை, மாப்பிள்ளை. ஒருநாளும் ஒழுகவில்லை.

அந்த டயர்களை மாட்டிய கையால் எழுதும்,
உங்கள் மச்சான்