அடித்தட்டில் ஒட்டியிருந்த விதைகள்

2006 ஜூலை 19, புதன், இரவு 10.40. நாற்பத்து மூன்று விதைகள்.

எல்லாம், மற்றப் புல்பூண்டை அமுக்கிப் பரவும் லூபின் செடியின் விதைகள். புல் வெட்டும் இயந்திரத்தின் அடித்தட்டிலிருந்து மாலையில் நானே சுரண்டி எடுத்து எண்ணினேன். அதை ஓட்டும் தேவன் அண்ணை, லூபின் மண்டிய மேல் புல்வெளியை வெட்டிவிட்டு, கழுவாமலே கீழ்ப் புல்வெளிக்குள் இறங்கியிருந்தார். ஜெர்மனியின் இந்த ரோன் மலையில், அந்தப் பக்கத்தில் இதுவரை ஒரு லூபின்கூட இல்லை. இந்தச் செடி எதனால் பரவுகிறது என்று ஒரு வருடமாக மண்ணையும் ஈரத்தையும் அளந்துகொண்டிருக்கிறேன்.

"ஏன் அண்ணை கழுவேல்லை?" என்று கத்தினேன்.

"கழுவச் சொல்லி ஆர் சொன்னது? நான் ஜூனிலயே வெட்ட வந்தனான். அப்ப வெறும் பூ. செடியளை எண்ணி முடியேல்லை, வெட்டுற நாளை, அந்த டெர்மினை மாத்துங்கோ எண்டு நீர்தானே திருப்பி அனுப்பினீர்?"

உண்மைதான். பூவைக் காயாக முற்றவிட்டது என் கணக்கெடுப்பு. மண்ணும் ஈரமும் பிறகுதான். உடம்பெல்லாம் அசதி, தூக்கம் வரவில்லை.

1. காலையில் அண்ணையோடு சேர்ந்து இயந்திரத்தைக் கழுவ வேண்டும். கத்தியதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும்.
2. கீழ்ப் புல்வெளியில் சக்கரத் தடம் நெடுக முழங்காலிட்டு விதை பொறுக்க வேண்டும்.
3. பரவலுக்கான காரணங்களில் முதலாவதாக எழுத வேண்டியது: வெட்டும் நாளைத் தள்ளிப் போட்டவன் நான்.