சாக்ஸுக்குள் வைத்த சீட்டு

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணயர்ந்து தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் நான் பந்து என்று வாயெடுத்தாலே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், கடிதத்துக்கு அந்த வசதி இல்லை பார். அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னால், அப்போ பஸ் வந்து என் மேல படுக்குமா என்று கேட்டுவிட்டு வருகிறார். அக்காவுக்கு மருந்துக்கடையில் பகல் ஷிஃப்ட் கிடைத்துவிட்டது, முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருக்கிறது. எனக்கு அதே கம்பெனி, அதே மேசை, ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. இருபத்திரண்டு வருஷமாகக் காலரில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

நம் கிளப் இந்த சீசனில் ஐந்தாவது இடத்தில் முடித்து, மேல் டிவிஷனுக்கு ஏறும் பிளே-ஆஃபுக்கு வந்துவிட்டது. உனக்கு அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீயும் கேட்டிருக்க மாட்டாய். முதல் நான்கு ஆட்டமும் தோல்வி. மழைக்காலத்தில் ஆறு ஆட்டம் கோலே இல்லாமல் டிரா, குடைக்குள் உட்கார்ந்து கொட்டாவி விட்டதுதான் மிச்சம். பிறகு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது, கடைசிப் பத்தில் எட்டை ஜெயித்தார்கள். உன் இடத்துக்கு வந்த கோல்கீப்பர் நல்லவன்தான், ஆனால் உயரப் பந்துக்கு வெளியே வரப் பயப்படுகிறான். நான் ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. கோலுக்குப் பின்னால் அதே மூன்றாவது வரிசை, முன்னால் அதே சலூன்காரர், அவர் வாய்க்கும் ஓய்வில்லை. எல்லாரும் மேல் டிவிஷன், மேல் டிவிஷன் என்று குதிக்கிறார்கள். எனக்கு மட்டும் போன வருஷ பிளே-ஆஃப்தான் நினைவுக்கு வந்தது.

கடைசி லீக் ஆட்டத்துக்கு ஒட்டகத்தின் டீம் வந்தது. போன வருஷம் பெனால்டி ஷூட்-அவுட்டில் உன்னை ஏமாற்றிவிட்டு ஓடினானே, அந்த நெட்டையன்தான். அன்றும் ஒரு பெனால்டி அடித்தான், நான் உட்கார்ந்திருக்கும் பக்கத்துக் கோலில், வலது மூலையில். வழக்கம்போல நோட்டில் குறித்தேன். பழைய பக்கத்தைப் புரட்டினால் ஒட்டகம், இரண்டு பெனால்டி, இரண்டும் இடது என்று என் கையெழுத்து. பழக்கத்தை மாற்றிவிட்டானோ என்று நினைத்தேன். அப்புறம்தான் ஓரத்தில் ‘எதிர்ப்பக்கம்’ என்று நானே பொடியாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். உனக்குத் தெரியும், நோட்டில் எல்லாமே கோல்கீப்பரின் இடது, கோல்கீப்பரின் வலது என்றுதான் குறிப்பேன். என் பக்கத்துக் கோல் என்றால் கீப்பர் முதுகைக் காட்டி நிற்பான், என் இடதுதான் அவன் இடது. எதிர்ப்பக்கக் கோலில் அவன் முகம் என்னைப் பார்த்து இருக்கும், அங்கே மாற்றி எழுத வேண்டும். எட்டு வருஷமாக மாற்றித்தான் எழுதினேன். அந்த ஒரு நாள் மாற்றவில்லை. அன்று நம் ஆட்டம் முடிந்ததும் அதே கிரவுண்டில் ஒட்டகத்தின் டீம் வேறொரு டீமோடு ஆடியது, நீ பார்க்காமல் கிளம்பிவிட்டாய். நம் ஆட்டத்தில் நீ ஒரு கோல் விட்டதற்கு சலூன்காரர் இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார், நான் அவரோடு மல்லுக்கு நின்றுகொண்டே ஒரு கையால் எழுதினேன். கண்ணில் பட்டதை அப்படியே எழுதிவிட்டேன். அதைத்தான் போன வருஷ பிளே-ஆஃப் அன்று சீட்டில் ஒட்டகம் இடது என்று எழுதி உன் கையில் கொடுத்தேன், நீ சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனாய்.

நீ என்னை நம்பினாய். அதனால்தான் அவன் கால் பந்தைத் தொடும் முன்பே இடது பக்கம் பாய்ந்தாய். பந்து வலது பக்கம் நடந்து போவது மாதிரி உருண்டு உள்ளே போனது. முன்னமே பாய்ந்துவிட்டான், விலைபோனவன் என்று ஊரே சொன்னது. நம் வீட்டுக் கதவில் சாயத்தில் எழுதியதை அப்பா மூன்று நாள் தேய்த்தார். நீ யாருக்கும் ஒரு பதில் சொல்லாமல் பெட்டியைக் கட்டினாய். நான் வாசலில் நின்று, நடந்தது நடந்துவிட்டது, ஆண்பிள்ளை மனம் தளரலாமா என்று உனக்கே புத்தி சொன்னேன். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ரசிகர் சங்கக் கூட்டம். மடக்கு நாற்காலியில் நாற்பது பேர், பிளே-ஆஃபுக்கு எத்தனை பஸ் என்று பேச்சு. பேசி முடிந்ததும் நான் எழுந்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “என் பையன் விலை போகல. நான் எழுதிக் குடுத்ததை நம்பிப் பாய்ஞ்சான். தப்பா எழுதினது நான்.” நோட்டையும் காட்டினேன். யாரோ பின்னாலிருந்து, பெற்றவள் வேறு எப்படிச் சொல்வாள், நோட்டில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாமே என்றார். அப்போது எழுந்தது யார் தெரியுமா, சலூன்காரர். “அந்தம்மா என்னோட சண்டை போட்டுக்கிட்டேதான் அன்னிக்கு எழுதினாங்க. நான் பார்த்தேன்” என்றார். உன்னை முதலில் விலைபோனவன் என்று கத்தியவரும் அவர்தான். உட்கார்ந்த பிறகு கூட்டம் கலையும் வரை தலையைத் தூக்கவே இல்லை. செயலாளர் மட்டும், உன் பேரில் ஒரு மன்னிப்பை எழுதி கிரவுண்டு வாசலில் ஒட்டுகிறோம் என்றார். செவ்வாய்க்கிழமை ஒட்டிவிட்டார்கள், நானே போய் நின்று படித்தேன்.

கூட்டம் முடிந்த அன்றே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ந்து போவார் என்று நினைத்தேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அவனுக்கு அன்னிக்கே தெரியும்” என்றார். ஆட்டம் முடிந்தும் நீ வெளியே வரவில்லை என்று டிரெஸ்ஸிங் ரூமுக்குத் தேடி வந்தாராமே, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டகம் போன தடவை எந்தப் பக்கத்துக் கோலில் அடித்தான் என்று அவரிடம் கேட்டாயாமே. எதிர்ப்பக்கம் என்று அவர் சொன்னதும் சீட்டைக் கிழித்துப் போட்டாயாம். “அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா. தெரிஞ்சா அவங்க அப்புறம் கிரவுண்டுக்கே வர மாட்டாங்க” என்று சொன்னாயாம். உன் அப்பா வாயில் எள் ஊறாது, அந்த மனுஷன் இதை ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்தார்.

எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது, அழுகை அப்புறம்தான் வந்தது. தாய் செய்த தப்பைப் பிள்ளை மறைப்பது என்ன நியாயம்? இனி என் மேல் பிழை இருந்தால் என் முகத்துக்கு நேராகச் சொல், நான் தாங்குவேன். இங்கே திரும்பி வா என்று நான் கேட்கவில்லை, அது உன் இஷ்டம், உன் வேலை, உன் வாழ்க்கை. ஆனால் ஊருக்குப் பயந்து வராமல் இருக்காதே. அப்பாவுக்கு ஒரு போன் போடு, வாக்குத் தவறிவிட்டேன் என்று மனிதர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நீ நீண்ட நாள் நோய்நொடி இல்லாமல் நிமிர்ந்த தலையோடு இருக்க வேண்டும், அதுதான் நான் வேண்டுவது.

வரும் சனிக்கிழமை பிளே-ஆஃப். போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் அங்கே உட்கார வேண்டும் என்பதற்காக நீ ஊரை விட்டே போயிருக்கிறாய். எப்படிப் போகாமல் இருப்பேன்?

உன்
அம்மா