தொட்டி தெரிந்த காலை

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன் தலைவலி எப்படி இருக்கிறது? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை. நீ துணை விமானியான நாளிலிருந்து காய்கறிக்காரரிடம்கூட "என் பொண்ணு ஓட்டுற வண்டி" என்று ஆரம்பித்துவிடுகிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு எல்லாமே வண்டிதான்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நீ சிரிப்பாய், நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். உட்கார்ந்து நிதானமாகப் படி.

என் வேலை உனக்குத் தெரியாததா? பள்ளிக்கூடம் விட்டதும் வானிலை அறையின் மொட்டை மாடியில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே நீ. தீயணைப்பு நிலையத்தின் சிவப்புக் கதவு தெரிந்தால் முந்நூறு மீட்டர், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை தெரிந்தால் எண்ணூறு, ஓடுபாதையின் அந்தக் கோடியில் இருக்கிற தண்ணீர்த்தொட்டி தெரிந்தால் ஆயிரத்து ஐந்நூறு என்று பாட்டாகவே பாடுவாய். தொட்டி தெரிந்தால் விமானம் இறங்கலாம், தெரியாவிட்டால் கூடாது. இருபத்தாறு வருஷமாக என் கண் பார்த்ததைத்தான் என் கை எழுதியது.

போன செவ்வாய்க்கிழமை காலையில் தூறலும் மூட்டமுமாக இருந்தது. ரேடியோவில் உன் குரல். முதல் தடவையாக எங்கள் வானிலையை நீ கேட்கிறாய். மாடிக்கு ஓடினேன்.

தொட்டி தெரிந்தது, வாலு. மங்கலாகத்தான், கால் இல்லாமல் தலை மட்டும், ஆனால் தெரிந்தது. எனக்கோ ஈரமான ஓடுபாதைக்கும் குறுக்குக் காற்றுக்கும் நடுவில் நீ மாட்டிக்கொள்வதுதான் கண்ணில் நின்றது. கீழே வந்து, தொட்டி தெரியவில்லை, எண்ணூறு மீட்டர்தான் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்த கதை.

நீங்கள் திரும்பிப் போனீர்கள். அப்பாடா என்று உட்கார்ந்து டீ குடித்தேன். சாயங்காலம் நீ போன் செய்தாய். பக்கத்து விமான நிலையத்துக்குப் போகிற வழியில் இடிமேகத்துக்குள் மாட்டிக்கொண்டோம், இறங்கும்போது எரிபொருள் கடைசிக் கையிருப்புக்கு வந்துவிட்டது, பின்னால் ஒரு அம்மா கைக்குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறினார் என்றாய். அப்புறம், "நீ தெரியலைன்னு சொன்னதே நல்லதாப் போச்சும்மா, இல்லேன்னா அங்க இறங்கி மாட்டியிருப்போம்" என்று எனக்கு நன்றி வேறு சொன்னாய். நீ திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, உன்னையும் நாற்பது பேரையும் இடிக்குள் அனுப்பினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் பேய்தான். நேற்று பளிச்சென்று வெயில் அடித்தது, தொட்டியின் ஏணிப்படிகூடத் தெரிந்தது. அப்படியும் மூன்று முறை மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். என் கண்ணை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று நிலைய அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அன்றைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "மேலிடத்துக்கு எழுதாம இருக்க முடியாதும்மா" என்றார். எழுதட்டும். வேலை போனால் போகட்டும், அப்பாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறேன், அதைவிடப் பெரிய தண்டனையா கொடுத்துவிடப் போகிறார்கள்? மாற்று ஆள் வரப் பத்து நாளாகுமாம். அதுவரை தீயணைப்பு நிலையத்துப் பெரியவரும் என்னோடு மேலே ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல மனிதர். கண்ணாடி போடாவிட்டால் தன் மூக்கே தெரியாது அவருக்கு. ஆக, கடைசியில் பார்க்கப்போவது என் கண்தான்.

இந்தக் கடிதத்தை உன் கேப்டனிடம் காட்டு. அவருக்கும் தெரிய வேண்டும். வெட்கமாக இருந்தால் அது எனக்குத்தான், உனக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி இங்கே வருவதாகச் சொன்னாய். ஒரு நாள் லீவு போடேன் என்று மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருக்காதே.

அன்று ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் மாடி ஏறுவேன், உன் குரல் என் காதில் விழாது. தொட்டி தெரிந்தால், உடம்பெல்லாம் நடுங்கினாலும் தெரிகிறது என்றுதான் சொல்வேன். நீ தைரியமாக இறங்கு. தெரியவில்லை என்று சொன்னால் நம்பித் திரும்பிப் போ, கண்ணு. அது மூட்டம்தான். அம்மா இல்லை.

நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா