பால் நிறத் தண்ணீரும் உன் புரோகிராமும்

ஓசூர்
6.9.1994

அன்பு மகன் ராமப்பனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், கிணறுதான் சுகமில்லை. பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க முனீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

நம் தக்காளித் தோட்டத்துக்குப் பக்கத்து லேத் பட்டறை கம்பெனியாகி, உங்கள் ஆபீசிலிருந்து கம்ப்யூட்டர் மெஷின் வாங்கினார்களே, இனி ஓசூர் எங்கேயோ போய்விடும் என்று நீகூடக் குதித்தாய். ஓசூர் போனதோ இல்லையோ, ஓடையில் பால் ஓடுகிறது. இரும்பு கடையும்போது சூடு தணிக்க ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீராம், அசல் பால் நிறம், நம் பசு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மாட்டுக்கு இருக்கிற புத்தி முதலாளிக்கு இல்லை. இப்போது கிணற்றிலும் எண்ணெய் மிதக்கிறது, செடி பாதி கருகிவிட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுகிறேன். உன் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டைக்குப் போனார், முதலாளி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, தங்கமான மனுசன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தத் தங்கம் சப் கலெக்டரிடம் போய், ஒரு சொட்டுகூட வெளியே விடுவதில்லை என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தது. கம்பெனியில் கம்ப்யூட்டரில் உட்காருகிற நம் தெரு முனிலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. பழைய தண்ணீரை ஓடையில் திறந்துவிட்ட தேதியெல்லாம் அதில் ஏறியிருக்கிறதே என்று, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட காகிதத்தில் முழ நீளத்துக்கு அடித்துக் கொண்டுபோய் சப் கலெக்டரிடமே கொடுத்துவிட்டாள். இப்போது அவளை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள், தேதியெல்லாம் அவளே இட்டுக்கட்டியது என்கிறார் முதலாளி.

தேதியை ஏற்றுகிற அந்தப் புரோகிராம் நீ எழுதியது. ஒருக்கா ஏறின தேதிய எவனாலயும் மாத்த முடியாதும்மா என்று பொங்கலுக்கு வந்தபோது வடையைக் கடித்துக்கொண்டு பீற்றிக்கொண்டாயே, அதை வந்து அதிகாரி முன்னால் சொல்லு. உங்கள் ஆபீசில் முறைப்பார்கள், வேலைகூடப் போகலாம், அது தெரியாமல் நான் இதை எழுதவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது கண்ணு. ஆனால் முனிலட்சுமிக்கு நாம் சொந்தமுமில்லை பந்தமுமில்லை, நம் கிணற்றுக்காகத்தான் அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

விசாரணை 19ஆம் தேதி, திங்கட்கிழமை. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி என்று எப்போதும் எழுதுவேன், இங்கே வந்தால் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலே போதும், எண்ணெய் அதிலேயே இருக்கிறது. நூறு வயசு இரு, யார் முன்னாலும் தலை குனியாமல் இரு. நீ வருகிறாய் என்று உன்னைக் கேட்காமலே முனிலட்சுமியிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா
ஜோதியம்மாள்