கடைக்குப் பின்னால் ஒரு பேச்சுவார்த்தை

தலவாக்கலை

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோட எழுதுறது. இங்க நானும் அப்பாவும் சாமி புண்ணியத்துல சுகமா இருக்கோம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் மழை வந்தா எட்டிப் பாக்குது. நைரோபியில நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி எந்திரிச்சு சுகமா இருக்கணும்னு அம்மனை வேண்டிக்கிறேன். போன்லதான் பேசுறோமே, பொறவு எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. அப்பா பக்கத்துல உக்காந்திருக்கையில சில விசயத்த வாய்விட்டுச் சொல்ல முடியல கண்ணு, அதான்.

பக்கத்துக் கடை மர்சூக் மாமா மறுபடி நம்ம கடையில வந்து உக்காந்து தேத்தண்ணி குடிக்க ஆரம்பிச்சிட்டாரு. உனக்குத் தெரிஞ்சது பாதிதான், அதனால மொதல்ல இருந்தே சொல்றேன். அந்தப் பெருமழையில ரெண்டு கடை வீட்டுக்கும் பின்னால மண்மேடு சரிஞ்சதா, மாமா உடனே அவரு பக்கம் மதில் எழுப்பிட்டாரு. அடுத்த மழைக்குத் தண்ணி அம்புட்டும் நம்ம பக்கம் திரும்பி, உள்ள அடுக்கியிருந்த அரிசி, சீனி, மாவு எல்லாம் நாசம். அப்பா றோட்டுல நின்னு, இத்தன வருசம் பழகின மனுசன் செய்யுற வேலையான்னு கத்தினாரு. மாமாவும் பதிலுக்கு, என் காணியில நான் கட்டுறதுக்கு ஒங்கள கேக்கணுமான்னு கேட்டுட்டாரு. அம்புட்டுத்தான். தைப்பொங்கலுக்கு நான் பொங்கல் அனுப்பல, நோன்புப் பெருநாளுக்கு அங்கயிருந்து வட்டிலப்பம் வரல. அப்பா வழக்குப் போடுறேன்னு நின்னாரு. அப்பத்தான் நீ அங்கயிருந்து போன் எடுத்துப் பேசின. யாரு மேல பிழைன்னு கேக்காம, மர்சூக் மாமா எதுக்குப் பயப்படுறாருன்னு தெரியுமாப்பான்னு கேட்ட. அப்பாவுக்கு வந்துச்சே கோவம், சமாதானம் பேசுறேன்னு சண்டை போடுற நாட்டுக்காரங்ககிட்ட நீ கேக்குற கேள்விய எங்கிட்ட கேக்காதன்னு போனை என் கையில குடுத்துட்டாரு. மாமாவுக்கும் போன் எடுத்து அதே மாதிரி கேட்டியாம், அவரு சம்சாரம் செரீபா மாமி சொன்னாங்க. அவரு மனசுல இருந்ததச் சொல்லிட்டு, இத ஒங்க அப்பாகிட்ட சொல்லிருங்க மகள்னு கேட்டதுக்கு, நான் சொல்ல மாட்டேன் மாமா, நீங்களே சொன்னாத்தான் அவரு காதுல ஏறும்னு சொல்லிட்டியாமே. ஒரு வார்த்தையில முடியுற விசயத்த இந்தப் புள்ள ஏன் இழுக்குதுன்னு அன்னைக்கு எனக்கு உன் மேல கோவம்தான்.

நீ சொன்னபடி நம்ம கடையிலயும் இல்லாம அவங்க கடையிலயும் இல்லாம, பின்னால அந்தச் சரிஞ்ச மேட்டுக்கிட்ட ரெண்டு பேரும் சந்திச்சாங்க. நான் அடுப்ப அணைச்சுட்டு நம்ம குசினி ஜன்னல்ல, மாமி அவங்க குசினி ஜன்னல்ல நின்னு கேட்டோம். மாமாதான் மொதல்ல சொன்னாரு, மண் சரிஞ்ச அன்னைக்கு அவரு மக ஸில்மியாவோட கைப்புள்ள தூங்கின தொட்டில் வரைக்கும் சேறு வந்துச்சாம், அதுக்குப் பொறவு மழை பேஞ்சா மாமா கண்ண மூடுறதில்லையாம். அப்பா, எங்கிட்ட ஏன் சொல்லலன்னாரு. நீங்க கேக்கலையேன்னாரு மாமா. பொறவு அப்பாவும், எங்கிட்டயே சொல்லாத ஒண்ணச் சொன்னாரு, இன்னொரு தடவ சரக்கு போனா கடைய மூடிட்டு இந்த வயசுல மக கையப் பாத்துக்கிட்டு உக்காரணுமேன்னு. மதில் அப்படியே நிக்குது. அப்பா நம்ம விறகுக் கொட்டிலப் பிரிச்சு இடம் விட்டாரு, மாமா ஆள் பிடிச்சு அதுக்குள்ளால றோட்டு வரைக்கும் தண்ணி ஓட சீமெந்துக் கான் கட்டினாரு. போன கிழமை சரியான மழை, ரெண்டு வீட்டுக்குள்ளயும் ஒரு சொட்டு வரல. பேசிப் பேசி எந்தச் சண்டை நின்னுச்சுன்னு உன் வேலைய நக்கலடிச்ச மனுசன், இப்ப கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் அதப் பத்தி விளக்கம் குடுக்குறாரு, கூடக் கொஞ்சம் அளந்தும் விடுறாரு.

ஞாயித்துக்கிழமை நீ பேசையில குரலே சரியில்ல. பேச்சுவார்த்தையில ஒரு பக்கத்து ஆளுங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க, இத்தன வருசம் பட்ட பாடு வீணாப் போச்சு, வேலைய விட்டுட்டு வந்துரலாமான்னு இருக்குன்னு சொன்ன. வந்தா எங்களுக்குச் சந்தோசம்தான், உன் அறையக் கூட்டித்தான் வச்சிருக்கேன். ஆனா அப்பா ஒண்ண எழுதச் சொன்னாரு. அந்த மேட்டுக்கிட்ட மொத நாள் அப்பாதான் கோவிச்சுக்கிட்டு பாதியில வந்துட்டாரு, வெக்கப்பட்டு உங்கிட்ட நாங்க சொல்லல. மறுநாளும் மர்சூக் மாமா குடையப் பிடிச்சுக்கிட்டு தன்னந்தனியா அங்க வந்து நின்னாரு. அவரு வந்து நின்னதாலதான் நான் போனேன், அத எழுது மகளுக்குன்னு சொல்றாரு.

எந்த ஊர்ல நீ இருந்தாலும் அம்மன் துணை நிக்கட்டும், நீ யாருக்காகப் பாடுபடுறியோ அந்த ஊர்ப் புள்ளைங்களும் பயமில்லாமத் தூங்கட்டும். நல்ல தேத்தூள் பார்சல் போட்டிருக்கேன், நீ மட்டும் வச்சுக் குடிக்காம பேச வர்றவங்களுக்கும் ஊத்திக் குடு. தீபாவளி லீவுக்கு இப்பவே சொல்லி வை.

உன் நினைவாவே இருக்கும்
அம்மா இந்திராதேவி