உச்சியிலிருந்து நம் வீடு தெரியவில்லை, நைனா

அன்புள்ள நைனா,

நீ இருக்கிற இடத்தில் உட்கார வசதி இருந்தால் முதலில் உட்கார்ந்துகொள். நான் மலை ஏறினேன். ராஜகிரி. அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பவில்லை. உச்சி வரைக்கும் என் தொப்பையை நானே தூக்கிக்கொண்டு போய் வந்தேன்.

நீ நம்பமாட்டாய். உன் மருமகளும் நம்பவில்லை. "ரிமோட்டு எடுக்க எழுந்துக்காத ஆளு, கோட்டைய புடிக்கப் போறாராம்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. செஞ்சிக்காரன் எவன் ஆசைப்பட்டுக் கோட்டை ஏறியிருக்கிறான்? அது வெளியூர்க்காரன் ஏறுவதற்கு. நாம் அவனுக்கு வழி சொல்லவும் வெள்ளரிக்காய் விற்கவும் இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோதுகூட நான் வயிற்று வலி என்று சொல்லி அடிவாரத்துக் கல்யாண மகாலோடு நின்றுவிட்டவன்.

பட்டிமன்றத்தில் ஊரைச் சிரிக்கவைத்துப் பிழைக்கிறவன், இன்னும் அதிர்ச்சி தெளியாமல் எழுதுகிறேன். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள். இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி சேகருக்கு மனச்சிதைவு நோய். ராஜகிரி உச்சியில் ஓர் ஆள் உட்கார்ந்து நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான், கீழே இருக்கிறவர்களுக்கு டார்ச் அடித்துச் சேதி சொல்கிறான், சோற்றில் மருந்து வைக்கச் சொல்கிறான் என்பது அவன் முடிவு. ஒரு நாள் விடியற்காலையில் எதிர்வீட்டு ஏழுமலை அண்ணன் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போட டார்ச்சோடு கிளம்பினார். சேகர் மண்வெட்டியால் வெட்டிவிட்டான். அவர் உயிர் தப்பியது. வலது கை தப்பவில்லை, விளங்காமல் தொங்கிப்போனது. என்ன செய்கிறோம் என்று அறியாமல் செய்தான் என்று கோர்ட்டில் முடிவானது. ஜெயிலுக்குப் பதிலாக, மனநல மருத்துவமனையில் காவல் போட்ட வார்டுக்கு அனுப்பினார்கள். உனக்கு வாய்க்கரிசி போட அங்கேயிருந்துதான் போலீசோடு வந்துவிட்டுப் போனான்.

மாத்திரையில் காதுக்குள் கேட்ட சத்தம் அடங்கிவிட்டது, நைனா. ஆனால் மலைமேல் இருக்கிற ஆள் மட்டும் இறங்கவே இல்லை. அந்த ஆள் இறங்கினால்தான் சேகரை வீட்டுக்கு அனுப்புவது பற்றிப் பேச்சே எடுக்க முடியும் என்றார்கள்.

அங்கே இப்போது நிவேதா என்று ஓர் உளவியல் மேடம் வந்திருக்கிறார். பேச்சு வைத்தியம். வீட்டு ஆளும் கூட உட்காரலாம் என்று என்னை அழைத்தார். நல்ல அழுத்தமாக நாலு வார்த்தை சொல்லி இவன் மண்டையில் ஏற்றப்போகிறார் என்று நினைத்து, சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் கேட்டது இது:

"மேல இருக்கிற அந்த ஆளு எப்ப தூங்குவாரு, சேகர்?"

தம்பி யோசித்தான். "தெரியில மேடம்."

"மழை பெஞ்சா?"

"அங்க நெல்லு கொட்ற களஞ்சியம் இருக்குது. அதுல ஒதுங்குவான்."

"சாப்பாடு யாரு கொண்டுபோய்த் தராங்க?"

சேகர் என்னைப் பார்த்தான். "ண்ணா, வழியில கொரங்கு உடாதே?"

நான் சிரித்துவிட்டேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. பட்டிமன்றத்தில் எனக்கு நேருகிற அதே கதிதான்.

வெளியே வந்ததும் கேட்டேன். "இன்னா மேடம், ஆளே கெடையாதுன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுது இல்ல?"

"நீங்க எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, சார்?"

"வாய் வலிக்கிற வரைக்கும்."

"முடிஞ்சுதா?"

உதட்டைப் பிதுக்கினேன். "நானும் அப்படியே சொன்னா, கீழே இருந்து சேதி வாங்குற கூட்டத்துல என்னையும் சேர்த்துடுவாரு. ஆளு இருக்காருன்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன். அவரே தேடிப் பார்க்கட்டும். கூட நடக்கிறதுதான் என் வேலை" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய் இப்படி ஒரு வைத்தியத்தை நீ கேள்விப்பட்டதுண்டா?

ஒரு விஷயத்தை எவ்வளவு நம்புகிறோம் என்று அளந்து பார்ப்பார்களாம். எதை வைத்து அளக்கலாம் என்று அவனையே கேட்டிருக்கிறார். நம் ஊர்ப் புத்தி எங்கே போகும்? மலையை வைத்து அளந்தான். உச்சியில் நின்றால் முழு நம்பிக்கை. கல்யாண மகாலுக்கு இறங்கிவிட்டால் ஒன்றுமில்லை.

"இன்னைக்கு எங்க நிக்கிறீங்க?"

"பாலத்துல மேடம்." உச்சிக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தின்மேல் போட்டிருக்கிற பாலம்.

"அங்கேயிருந்து கீழ இறங்க எது விடமாட்டேங்குது?"

"எங்க நைனா மேல போயி அந்த ஆளுகிட்ட பேசிட்டு வந்தாரு மேடம். ஆளு இல்லாமயா பேசுனாரு? எங்க நைனா பொய் சொல்லமாட்டாரு."

நைனா, எனக்கு நாற்காலி ஆடியது.

ஏழுமலை அண்ணனை வெட்டுவதற்கு முன்னால், அவன் சோற்றைத் தொட்டு நாளாகியிருந்த சமயம் அது. நீ வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போயி அவன்கிட்ட ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்" என்று கிளம்பினாய். முட்டி வலியில் மாடிப்படி ஏறாத மனுஷன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீ உட்கார்ந்திருந்தபோது எதிரே உட்கார்ந்து போண்டா தின்றது நான்தான். ஒரு மலை ஏறி இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அங்கேயே இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சொன்னாய்: "பேசிட்டேன்டா. இனிமே சோத்துல கை வெக்கமாட்டாங்க. சாப்டு."

அவன் சாப்பிட்டான். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். எல்லோரும் அப்பாடா என்றோம்.

அன்றைக்கு வயிற்றுக்குள் போனது சோறு மட்டுமில்லை என்று யாருக்குத் தெரியும்? நாங்கள் எல்லாரும் கிடையாது கிடையாது என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவனுக்கு ஒரே ஒரு சாட்சி கிடைத்தது. அது நீ. உன்னைக் குறை சொல்லவில்லை. பெற்ற பிள்ளை பட்டினி கிடந்தால் வேறு என்னதான் செய்வது? இருந்தாலும் இத்தனை வருஷமாக அவனைப் பாலத்தில் பிடித்து நிறுத்தியிருந்தது உன் கை என்று தெரிந்தபோது, எதிரே போண்டா தின்ற என் வாயும் அதில் கூட்டு என்று புரிந்தது.

போண்டா விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். மேடம் மேஜைமேல் விரலை லேசாகத் தூக்கினார். மூடிக்கொண்டேன்.

"யாராவது மேல போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னா உதவுமா, சேகர்? எதைப் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவன் விரல் நகத்தால் மேஜைமேல் ஒரு மலையைக் கீறினான். பிறகு சொன்னான்: "மேல இருந்து பாத்தா எங்க வூடு தெரியுதான்னு பாக்கணும்."

இது எனக்கு விழுந்த அடுத்த அடி. பூசாரியிடம் போனோம், தாயத்துக் கட்டினோம், கத்தினோம், அழுதோம். மலைக்கு அடியில் குடியிருந்துகொண்டு, அங்கேயிருந்து நம் வீடு தெரியுமா என்று நம்மில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா?

"தெரியும்னு நினைக்கிறீங்களா?" என்றார் மேடம்.

"நல்லாத் தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ போ ண்ணா. நெஜமா போ."

போனேன். படி ஏறிய கதையைச் சுருக்கிக்கொள்கிறேன், அதில் என் மானம் இருக்கிறது. என்னைத் தாண்டிப் போன ஒரு கைக்குழந்தைக்காரி, "ஓரமா உக்காந்து வாங்க பெரியப்பா" என்றாள். பிஸ்கட்டைக் குரங்கு வாங்கிக்கொண்டது. பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது மூச்சு எனக்கு முன்னாலேயே கீழே இறங்கிவிட்டது போலிருந்தது.

அங்கே உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்ததே போதும், உச்சிக்குப் போய்ப் பார்த்தேன், வீடு தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. எவ்வளவு சுலபமாகத் தோன்றியது, நைனா. டீக்கடை பெஞ்சில் உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? 'நெஜமா போ' என்று அவன் சொன்னதுதான் என்னை எழுப்பிவிட்டது.

உச்சியில் களஞ்சியம் இருந்தது. கோயில் இருந்தது. செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த ஒரு புதுமணத் தம்பதி இருந்தார்கள். வேறு ஆள் இல்லை. நம் வீட்டைத் தேடினேன். பஸ் ஸ்டாண்டு தெரிந்தது, வயல் தெரிந்தது, நம் தெரு முனைத் தண்ணீர் டேங்க்கூடத் தெரிந்தது. அதற்கு அப்புறம் மலையின் ஒரு பாறை தோள் மாதிரி குறுக்கே வந்து விழுகிறது. வீடு அதற்குப் பின்னால். அந்தப் புது மாப்பிள்ளையின் போனை வாங்கி இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரை ஓடுகூடத் தெரியவில்லை. வாசலில் நின்று நாம் இத்தனை காலம் உச்சி உச்சி என்று காட்டியதெல்லாம் அந்தத் தோள்தான். உச்சி அதற்குப் பின்னால் இருக்கிறது. பிறந்த ஊரில் உச்சி எது என்று தெரியாமலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது.

இறங்கி வந்து டீக்கடையில் விழுந்தேன். ஏழுமலை அண்ணன் இடது கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். அந்த விடியற்காலைக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர்.

"இன்னாடா, மலை ஏறினியாமே?"

"ஆமாண்ணே."

"எதுக்கு?"

நான் பேச்சை விற்கிறவன். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த சரக்கு இதுதான்: "உடம்பு எளைக்கத்தாண்ணே."

என் வயிற்றைப் பார்த்தார். "அந்த மலைதான் பாவம்" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த முறை வார்டுக்குப் போனபோது, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். குரங்கு, பிஸ்கட், டேங்க், தோள் எல்லாவற்றையும்.

"வூடு?"

"தெரியில, சேகரு."

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்போ நைனா ஏறல" என்றான். "ஏறியிருந்தா இதத்தான மொதல்ல வந்து சொல்லியிருப்பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சோறு துன்னணும்னுதான் சொன்னாரா?"

தலையாட்டினேன்.

"இப்ப எங்க இருக்கீங்க, சேகர்?" என்றார் மேடம்.

"எறங்கிக்கினு இருக்கேன் மேடம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வார்டு முழுக்க இனிப்பு வாங்கிக் கொடுக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டான்:

"அப்போ ஏழுமல அண்ணன் மோட்டார் போடத்தான் வந்தாரா?"

நைனா, இந்தக் கேள்வி அந்த இறக்கத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மலைமேல் ஆள் இல்லை என்றால், கீழேயும் ஆள் இல்லை. டார்ச்சோடு வந்தது நம் ஏழுமலை அண்ணன் மட்டும்தான். அந்த ஆள் போய்விட்டால் போதும் என்று எத்தனை கோயிலில் வேண்டியிருப்போம். போகும்போது அவன் என் தம்பியின் கையில் எதை விட்டுவிட்டுப் போவான் என்று நினைத்துப் பார்த்தோமா?

சேகர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். மேடம் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு வெளியே வந்து என்னிடம், "இந்தக் கேள்விக்காகத்தான் சார் இவ்வளவு மெதுவா வந்தேன். இனிமேதான் அவரைத் தனியா விடக்கூடாது" என்றார்.

கிளம்பும்போது சேகர் கூப்பிட்டான். "ண்ணா. அவரு கை எப்பிடி இருக்குதுன்னு கேட்டுக்கினு வா." நான் சரி என்பதற்குள் சொன்னான்: "நைனா மாதிரி நீயா ஒரு பதில் செஞ்சி எடுத்தாராத."

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன், நைனா. நாளைக் காலையில் தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் நிற்கப்போகிறேன். எதற்கு மலை ஏறினேன் என்று அவர் கேட்ட கேள்விக்கு இந்தத் தடவை சிரிக்காமல் பதில் சொல்வேன். பிறகு அவர் கை எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவர் திட்டினால் அந்தத் திட்டை, கதவைச் சாத்தினால் சாத்தின சத்தத்தை, அப்படியே பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேகரிடம் கொடுப்பேன். வழியில் எந்த டீக்கடையிலும் உட்காரமாட்டேன்.

உன் முட்டி ஏறாத மலையை உனக்கும் சேர்த்து ஏறிவந்த,
உன் மூத்த பிள்ளை.